மூதூர் லோஞ்சில் போய்வந்த கைப்பை

கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, என் மனைவியின் கைப்பையைக் கொன்றுவிட்டேன். கொன்றது என்பது அவள் சொன்ன சொல். கழுவினேன் என்றுதான் நான் சொல்லிவருகிறேன். இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தப் பை அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் உழைத்தது என்பதையும், அதைப் பிழைக்க வைத்தவன் நானே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் அவள் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள்.

தோல் பை. பனங்கட்டி நிறம். கையில் மாட்டிக்கொள்ள ஒரு வார், வாயை மூடப் பித்தளைக் கொளுவி, உள்ளே சாம்பல் நிறச் சீலை. அந்தச் சீலையோடு சேர்த்துத் தைத்த, சிப் போட்ட சின்ன உள்ளறை ஒன்றும் இருந்தது. அவள் ஆசிரியை. சுன்னாகத்தில் படிப்பிக்கத் தொடங்கி முதற் சம்பளம் கையில் வந்த அன்றே, தாய் தடுக்கத் தடுக்க யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறிப்போய் வாங்கிவந்த பை. கல்யாணத்துக்கு வந்த நகைகளை என் தங்கையிடம் அலட்சியமாகத் தூக்கிக் காட்டியவள், பையை மட்டும் இரண்டு கையாலும் எடுத்துத்தான் காட்டினாள்.

நான் திருகோணமலைத் துறைமுகத்துப் பண்டகசாலையில் வேலை பார்த்தேன். வெள்ளைக்காரக் கடற்படை போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவன் விட்டுப்போன சங்கிலி, கொக்கி, கப்பி, வடக்கயிறு எல்லாம் என் பொறுப்பில் இருந்தன. அங்கே எங்களுக்கு ஒரே எதிரி உப்பு. கடலுக்குப் போய்வந்த எந்தச் சாமானையும் முதலில் நல்ல தண்ணீரில் ஊறப் போடவேண்டும், பிறகு வெயிலில் காயவிடவேண்டும், பிறகு எண்ணெய் பூசவேண்டும். இந்த மூன்றையும் நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதனால் கெட்டுப்போன சாமான் எதையும் அதுவரை நான் கண்டதில்லை.

கல்யாணம் நிச்சயமானதுமே அவள் திருகோணமலைக்கு மாற்றம் கேட்டிருந்தாள். கொடுத்தது மூதூர். கல்விக் கந்தோரில் இருந்து வரைபடத்தைப் பார்த்த அதிகாரிக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரிந்திருக்கும். நடுவில் நீல நிறத்தில் கிடந்தது கடல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லைப் போலும். காலையில் பாலையூற்று வீட்டிலிருந்து அவளைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டுபோய் இறங்குதுறையில் விடுவேன். அங்கிருந்து லோஞ்ச், விரிகுடாவைக் கடக்கும் மோட்டார்ப் படகு. பின்னேரம் அதே லோஞ்சில் திரும்பி வருவாள். கிணற்றையும் தோட்டத்தையும் பார்த்து வளர்ந்த சுன்னாகத்துக்காரிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் இறங்கும்போது அவளுடைய முகம் சாம்பல் பூத்திருந்தது. கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் பிடித்திருந்தாள். மடியில் வைத்திருந்த பையில் கடல் தண்ணீர் தெறித்துக் காய்ந்து, வெள்ளைக் கோடு கோடாக இருந்தது.

அந்த வாரமே என்னிடம் நேராகச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, நான் ஒண்டையும் ஒளிக்கிறேல்லை. திரும்பிச் சுன்னாகத்துக்கு மாற்றம் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறன். கிடைச்சால் போயிடுவன். இந்தக் கடல் எனக்கு ஏலாது."

நான் "ஓம்" என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்வது? அந்தக் காலத்தில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த புருஷன் பெண்சாதி பலர் அப்படித்தான் வாழ்ந்தார்கள். என் பக்கத்து மேசைக்காரர் மட்டக்களப்பில் இருந்த மனைவியைப் பள்ளிக்கூட விடுமுறைக்கு விடுமுறைதான் கண்டார். பிள்ளைகள் அவரை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிப் பார்த்து ஒதுங்கி நிற்பார்கள் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. என் நிலைமையும் அப்படி ஆகப்போகிறது என்ற பயம் அன்றே பிடித்துக்கொண்டது. போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை, உரிமையும் இருந்ததாகத் தோன்றவில்லை. தினமும் வாந்தி எடுத்துக்கொண்டு போகிறவள் அவள்தானே.

கடலை என்னால் ஒன்றும் செய்ய ஏலாது. பையையாவது பார்ப்போம் என்று நினைத்தேன். நாசமானது அங்கேதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் பையை வெறுமையாக்கி, ஈரத்துணியால் உப்புக் கோடுகளைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு ஆணியில் மாட்டினாள். அடுத்த நாள் என் தங்கையோடு சல்லி அம்மன் கோயிலுக்குப் போனாள். கோயிலுக்குத் தோல் கொண்டுபோவதில்லை, ஆகவே பை வீட்டில் நின்றது. நானும் வீட்டில் நின்றேன். அவள் திரும்பி வரும்போது பளபளவென்று பையைக் கையில் கொடுத்து, இந்த மனுஷன் ஒன்றுக்கும் உதவாதவன் இல்லை என்று காட்டவேண்டும் என்ற ஆசை எனக்கு.

பெரிய வாளியில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிப் பையை அமுக்கினேன். மிதந்தது. மேலே ஒரு அம்மிக்குழவியை வைத்தேன். இரண்டு மணித்தியாலம் ஊறவிட்டு எடுத்து, குசினித் தகரக் கூரையின் மேலே நல்ல வெயிலில் வைத்தேன். மூன்றாவதாகப் பூசுவதற்கு ஒரு சிரட்டையில் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஆயத்தமாக வைத்துக்கொண்டு, கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினேன். பண்டகசாலையில் செய்ததை ஒன்றும் விடாமல் செய்திருந்தேன்.

மத்தியானம் ஏறிப் பார்த்தபோது பை பாதியாகிவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணி, வார் முறுக்கி, தட்டினால் பலகை மாதிரிச் சத்தம் கேட்டது. சாம்பல்தீவுப் பக்கம் மணலில் காயப்போடும் கருவாடு அப்படித்தான் இருக்கும். பதறிப்போய்ச் சிரட்டையில் இருந்த எண்ணெய் முழுவதையும் அதன் தலையில் ஊற்றித் தேய்த்தேன். பனங்கட்டி நிறம் போய்ப் புளி நிறம் வந்தது.

அவள் படலையைத் திறந்துகொண்டு விபூதியும் கையுமாக வந்தாள். பையைக் கண்டாள். கொஞ்ச நேரம் அது என்னவென்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

"கொன்றுபோட்டீங்களே," என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. என் தங்கைதான் அவளுக்கும் சேர்த்துக் கத்தினாள். "அண்ணா, உனக்கு மூளை இருக்கோ? அது என்ன நங்கூரமோ ஊறப் போட?" நான் உப்பைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

ஞாயிறு முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. திங்கட்கிழமை வேறு பை இல்லாமல் அந்தக் கோணல் பையையே எடுத்துக்கொண்டு லோஞ்ச் ஏறினாள். பின்னேரம் இறங்கியதும்தான் வாய் திறந்தாள்.

"உங்கட எண்ணெய்க்கு எறும்பு வந்தது. மேசையிலை வரிசையாய்ப் போச்சுது. பிள்ளைகள் பாடத்தை விட்டிட்டு எறும்பைத்தான் பார்த்தவை."

சிரிக்கக்கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளும் கடித்துக்கொண்டு நின்றாள். யார் முதலில் சிரித்தது என்பதிலும் எங்களுக்குள் ஒரு வழக்கு உண்டு.

அந்த நேரம் இறங்குதுறையில் மூதூர் வியாபாரி ஒருவர் நின்றார். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் வாங்கி, உப்புப் போட்டுக் கட்டுக்கட்டாகக் கொழும்புக்கு அனுப்புகிறவர். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். எங்கள் பல்கடியைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார். பையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி செஞ்சீங்க இதுக்கு?"

சொன்னேன். உப்பு கெடுத்துவிட்டது காக்கா என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நான் உப்புக்குள்ளதான் தோலைப் போட்டு வெச்சிருக்கன். எனக்கு ஒண்டும் கெடல்ல. உப்பில்ல தம்பி, நீங்கதான் கெடுத்தீங்க," என்றார். பிறகு இரக்கப்பட்டு வழியும் சொன்னார். தோலுக்குத் தண்ணீரைக் காட்டலாம், குடிக்கக் கொடுக்கக்கூடாது. வெயிலை அது கண்ணாலும் பார்க்கக்கூடாது. தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடித்து நாறும், ஆமணக்கெண்ணெய் ஒரு துளி போதும். "அவசரப்படாதீங்க. வாரத்துக்கு ஒருக்கா. சின்னப் புள்ளக்கி எண்ணெய் வெக்கிற மாதிரி."

இப்படித்தான் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலை பைக்கு என்று ஒதுக்கப்பட்டது. முதல் சில வாரம் ஈரத்துணியைச் சுற்றி வைத்து, தோல் கொஞ்சம் இளகியதும் கையால் நீவி, உள்ளே காகிதம் அடைத்து, கோணிய வாயை நேராக்கப் போராடினேன். நிழலில், காற்றோட்டமான இடத்தில், தலைவாசல் ஆணிக்குக் கீழே ஒரு சாக்கின்மேல் அதற்கு இடம். பழைய பத்திரிகையைக் கசக்கி அடைத்ததில் அச்சு மை ஊறிச் சாம்பல் நிறச் சீலையில் கறுப்பாகப் பிடித்துக்கொண்டது. அடுத்த நாள் அவள் முகம் துடைக்கும் வெள்ளை லேஞ்சியிலும் பிடித்துக்கொண்டது. அதற்கு வாங்கிய ஏச்சு தனிக்கதை. அன்றிலிருந்து எழுத்துப் பட்ட காகிதம் எதுவும் பைக்குள் போகக்கூடாது என்று சட்டம் போட்டாள். கொப்பிகளில் மிஞ்சிய வெறும் தாள்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து தருவாள், அதைத்தான் கசக்கி அடைக்கவேண்டும்.

மெல்ல மெல்லப் பை பிழைத்தது. வாய் நேராகவில்லை, ஒரு ஓரம் எப்போதும் கொஞ்சம் இளித்துக்கொண்டே இருந்தது. ஆனால் தோல் இளகியது. உப்புக் கோடு வந்தால் ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு கரண்டி வினாகிரி விட்டு, என் பழைய பெனியன் துண்டை அதில் தோய்த்துப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுப்பேன். தையல் ஓரங்களில் இருக்கும் மணலைப் பழைய பல்துலக்கியால் தட்டிவிடுவேன். காய்ந்ததும் உள்ளங்கையில் ஒரு துளி ஆமணக்கெண்ணெய், இரண்டு கையையும் சூடேறத் தேய்த்து, வெறும் கையாலேயே பூசுவேன். மாரி காலத்தில் பூஞ்சணம் வரும், அதற்கு வாரம் இருமுறை துடைப்பு. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, மனிசிக்குச் சேவகமோ?" என்பார். "ஓம், உங்களுக்குக் கொடுத்து வைக்கேல்லை," என்பேன்.

துடைப்பதற்கு முன் பையை வெறுமையாக்க வேண்டும். அதை அவள்தான் செய்வாள். நான் அரிசி புடைக்கும் சுளகைக் கொண்டுவந்து வைப்பேன், அவள் உள்ளே இருப்பதை அதில் கொட்டுவாள். முதல் நாளே ஒரு எல்லையும் போட்டுவிட்டாள். "பை முழுக்க உங்களுக்கு. சிப் போட்ட உள்ளறை மட்டும் எனக்கு. அதைத் திறக்கப்படாது." சரி என்றேன். அதற்குள் என்ன வைத்திருந்தாளோ, நான் திறக்கவில்லை. துணியை அதன் மேலால்தான் ஓட்டுவேன்.

சுளகில் விழுந்தவை போதும் எனக்கு. கரும்பலகையில் எழுதும் வெண்கட்டித் துண்டுகள், கொண்டை ஊசிகள், லோஞ்ச் டிக்கெட்டுகள், ஒரு பிள்ளை கொடுத்த கொடுக்காய்ப்புளி, இன்னொரு பிள்ளையிடம் பறித்த கவண், விழுந்துவிட்டது என்று மற்றொரு பிள்ளை கொண்டுவந்து தந்த பல். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். நான் கேட்பேன், அவள் சொல்வாள். நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பழகியது அந்தச் சுளகுக்கு முன்னால் இருந்துதான். கிழமை நாட்களில் "சாப்பிட்டீரோ", "லோஞ்ச் பிந்திச்சுதோ" என்பதோடு எங்கள் கதை முடிந்துவிடும்.

கடைசியாக எப்போதும் எலுமிச்சம்பழம் விழும். கடலில் மணந்துகொண்டு போவதற்கு வைத்திருப்பது. அதன் தோலில் நகக்கீறல்கள் இருக்கும். கீறல் குறைவென்றால் அந்த வாரம் கடல் பேசாமல் கிடந்திருக்கிறது. பழம் முழுவதும் கீறிக் கறுத்து, நசுங்கி இருந்தால் அந்த வாரம் அவள் பட்ட பாட்டை நான் வாய்விட்டுக் கேட்கத் தேவையில்லை. திங்கட்கிழமைக் காலை கிணற்றடி மரத்தில் புதிய பழம் ஒன்று பறித்துப் பைக்குள் போட்டுவிடுவேன். அவள் அதைப்பற்றி ஒன்றும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. மாற்றம் பற்றியும் நாங்கள் பேசவில்லை. ஆனால் தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் படலைக்கு முதலில் ஓடுகிறவன் நான்தான்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. இரண்டாம் வருடம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் சுளகில் கொட்டிவிட்டுக் குசினிக்குப் போனாள். பையைக் கையில் எடுத்தேன். உள்ளறையின் சிப் முழுவதும் மூடவில்லை. நீளமான பழுப்பு நிறக் கடித உறையின் மூலை வெளியே தெரிந்தது. அரசாங்க உறை. பண்டகசாலையில் தினமும் பத்து வரும், எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்திருக்கிறது, என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாள், அவ்வளவும் அந்த மூலையிலேயே எழுதியிருந்த மாதிரி இருந்தது. புதுத் தவணை தையில். தையில் போய்விடுவாள்.

நான் திறக்கவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு முட்டாள்தனம். அதற்குப் பதிலாகப் பையைத் துடைத்தேன். அப்படி ஒரு துடைப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடுத்த ஞாயிறு வாரின் தையல் தளர்ந்திருந்ததைப் பிரித்து, கப்பல் பாய்த் துணி தைக்கும் மெழுகு நூல் கொண்டு நானே தைத்தேன். அதற்கடுத்த ஞாயிறு பித்தளைக் கொளுவியைப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கினேன். யாழ்ப்பாண ரயிலில் இவள் தனியே இருக்கும்போது பை அறுந்து விழக்கூடாது, சுன்னாகத்தில் இறங்கும்போது தாய் பார்த்து முகம் சுளிக்கக்கூடாது. இதையெல்லாம் யோசித்து யோசித்துத் துடைத்தேன். மற்ற நேரத்தில் எரிந்து விழுந்தேன். கறியில் உப்பில்லை என்றேன், உப்புப் போட்டால் கூடிவிட்டது என்றேன்.

"என்ன உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாமல் ஆர் இப்படிச் சீறுறது?"

"ஒண்டுமில்லை எண்டு சொல்லுறன் எல்லோ!"

அவள் என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். கேட்டுவிடு என்று சொன்ன பார்வை அது. எனக்கு அப்போது விளங்கவில்லை.

மார்கழி பிறந்து விடுமுறைக்கு முதல் வாரம். காலையிலிருந்தே மழை. பின்னேரம் நான் குடையோடு இறங்குதுறையில் நின்றேன். கடல் கலங்கி, லோஞ்ச் ஏறி இறங்கி வந்து மரத்தூணில் இடித்துக்கொண்டு நின்றது. அவள் ஒரு கையால் படகோட்டியின் கையைப் பிடித்துத் துறையில் ஏறும்போது லோஞ்ச் ஒருதரம் சறுக்கியது. அவளை மேலே இழுத்துவிட்டார்கள். மற்றக் கையிலிருந்து வார் கழன்று, பை லோஞ்சுக்கும் தூணுக்கும் நடுவில் தண்ணீரில் விழுந்தது.

"ஐயோ, என்ர பை!"

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கொன்ற அன்றுகூடக் கத்தவில்லை. ஓட்டி கொக்கித்தடியை விட்டுத் துழாவி, நான் தைத்த வாரில் மாட்டித் தூக்கினார். பை வாயாலும் மூக்காலும் கடலைக் கக்கியது. அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரியரில் ஏறினாள். பாலையூற்று வரைக்கும் என் முதுகில் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.

வீட்டில் சுளகை வைத்தேன். கொட்டினாள். வெண்கட்டி கரைந்து பாலாக ஓடியது. எலுமிச்சம்பழம் கீறலோடு உருண்டது. உள்ளறையைத் திறக்கப் பார்த்தாள். சிப் இறுகிவிட்டது.

"எனக்குத் திறக்க ஏலாமல் கிடக்கு. நீங்களே திறவுங்கோ."

"அது உம்முடைய அறை எல்லோ."

"திறவுங்கோ எண்டுறன். இல்லாட்டி உள்ளுக்கை நாறிப் போகும்," என்று சொல்லிவிட்டு, ஈரச் சேலையோடு குசினிக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

சிப்பின் பல்லில் மெழுகுதிரியைத் தேய்த்தேன். மெல்ல இளகி வந்தது. உறை கூழாகிக் கையோடு வந்தது. உள்ளே இரண்டு தாள். முதலாவது கந்தோர்க் கடிதம். தட்டச்சு, கீழே ஊதா நிறத்தில் வட்ட முத்திரை. கேட்டபடி சுன்னாகத்துக்கு மாற்றம், தை முதல். எதிர்பார்த்துக்கொண்டிருந்ததுதான், ஆனாலும் மூன்றுதரம் வாசித்தேன். சாக்கிலேயே இருந்துவிட்டேன்.

இரண்டாவது தாள் அவளுடைய வட்ட எழுத்தில் பென்சிலால் எழுதிய நகல். முதற் கடிதம் வந்து நாலாம் நாள் எழுதியது. தனக்குத் தந்த மாற்றத்தை வேண்டாம் என்றும், மூதூர்ப் பாடசாலையிலேயே தொடர்ந்து இருக்க விரும்புவதாகவும் பணிவோடு எழுதியிருந்தாள். கீழே ஒரு வரி. "முன்பு நான் குறிப்பிட்ட கடற்பயணம் எனக்கு இப்போது எவ்விதச் சிரமமும் தருவதில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

பக்கத்தில் சுளகில் கிடந்தது எலுமிச்சம்பழம். அந்த வாரம் அதில் நகம் படாத இடம் இல்லை.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய் சொல்லத் தெரியாதவள். எதையும் ஒளிக்கமாட்டேன் என்று முதல் வாரமே சொன்னவள். எனக்காக அரசாங்கத்துக்கே ஒரு பொய் எழுதி அனுப்பிவிட்டு, ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்யோடு கடலில் போய்வந்திருக்கிறாள். ஒருவர் மேல் எனக்கு அவ்வளவு அன்பு இருக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது. அழுகை முடிந்ததும் கோபம் வந்தது. என் சுபாவம் அது.

தாளைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போனேன். "ரெண்டு மாசம்! ரெண்டு மாசமா நான் உம்மை ரயிலேத்தி அனுப்புறதுக்குப் பை துடைச்சுக்கொண்டு இருக்கிறன். ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

அவள் தேயிலையைப் போட்டு மூடினாள். "உறையை நீங்கள் கண்டது எனக்குத் தெரியும். கேட்பீங்கள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்."

"கேட்டிருந்தால்?"

"சொல்லியிருப்பன். என்னைப் போகவேண்டாம் எண்டு ஒருநாள் எண்டாலும் சொன்னீங்களோ? கல்யாணம் கட்டி ரெண்டு வருசம். ஓம் எண்டு மட்டும்தான் சொன்னீங்கள்." பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதோடை, சொன்னால் துடைக்கிறதை விட்டிடுவீங்கள் எண்டு நினைச்சன். கொளுவி அப்படி மினுங்கி நான் ஒருநாளும் கண்டதில்லை," என்றாள்.

நான் வாசற்படியில் நின்றேன். ஈரச் சட்டை உடம்பில் ஒட்டியிருந்தது.

"இப்ப சொல்லுறன். போகாதையும்."

"நான் எங்கை போறன்? தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ. பை கிடந்து ஊறுது."

பையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சாக்கில் இருந்தோம். இந்தத் தடவை நல்ல தண்ணீரால் ஒற்றினேன், ஊறப் போடவில்லை. அவள் பக்கத்தில் இருந்து காவல் பார்த்தாள். அடைப்பதற்குக் காகிதம் எடுக்க அலுமாரிக்குப் போனேன். கூரை ஒழுக்கில் கொப்பித் தாள் எல்லாம் நனைந்து கிடந்தது. பைக்குள் பெரிய இடத்தை என் பழைய பெனியனால் நிரப்பிவிட்டேன். உள்ளறை மட்டும் சப்பையாகி, ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"அந்தக் கடிதத்தை வையுங்கோ," என்றாள். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் விரித்திருந்த இரண்டு தாள்களும் ஓரளவு காய்ந்திருந்தன.

"எதை?"

"கந்தோர்க் கடிதத்தைத்தான். நல்ல மொத்தத் தாள். கசக்கி வையுங்கோ."

அவளுடைய நகலை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், அவள் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. மற்றதைக் கையில் எடுத்தேன். ஈரத்தில் ஊதா முத்திரை கசிந்து விரலில் பிடித்தது. எனக்குச் சட்டம் ஞாபகம் வந்தது.

"மை ஊறும். சீலையிலை பிடிச்சால் போகாது."

"ஊறட்டும்," என்றாள்.

கசக்கி உருட்டி உள்ளறைக்குள் வைத்தேன். வடிவம் வந்தது.

அதற்குப் பிறகும் மூன்று வருடம் அவள் லோஞ்சில் போனாள். பிறகு திருகோணமலை நகரத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது, எலுமிச்சம்பழம் கறிக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. பையை நான் தொடர்ந்து துடைத்தேன். வாய் இளித்தபடியே இருந்தது. உள்ளறையைத் திறக்கலாம் என்று எனக்கு அனுமதி வந்துவிட்டது. அதன் சீலையில் ஊதா நிறத்தில் அரைவட்டமாக ஒரு கறை உண்டு. வினாகிரித் தண்ணீரில் இரண்டுதரம் ஒற்றினால் மங்கிப்போகும் என்று எனக்குத் தெரியும். துணியை அதில் படாமல்தான் ஓட்டுவேன்.